எல்லை வைக்காத நேர்த்தி

பருத்தித்துறைக்கு மேற்கே, கடலை ஒட்டிக் கிடக்கும் கிராமங்களில் ஒன்றில் துஷாந்தினி வசிக்கிறாள். வயது முப்பத்தாறு. கிராம அலுவலரின் குடும்பப் பதிவில் அவளுடைய தொழில் ‘வீட்டுப் பணி’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அது முழுமையான தகவல் அன்று. விடிந்ததும் கரைக்குப் போய்க் கணவன் பிரகாஸின் படகு கொண்டுவரும் வலையிலிருந்து மீன் கழற்றுவதும், விலைப்படாத மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைப்பதும், கிழிந்த வலையைப் பொத்துவதும் அவளுடைய வேலைகள். அதே பதிவில் அவர்களுக்கு ஒரு மகள் உண்டு என்றும் இருக்கிறது: கம்சிகா, பாடசாலை மாணவி. துஷாந்தினியின் வாழ்வில் கடந்த சில ஆண்டுகளை நிறைத்திருக்கும் கேள்வி, அந்த மகள் வாசிக்கப் பழகுவாளா என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு வருமுன் இன்னொரு பதிவைக் குறிப்பிட வேண்டும். துஷாந்தினி சிறுமியாக இருந்தபோது அவளுடைய தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அந்த ஆண்டுகளில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் விடுவதற்குக் காரணங்கள் பல இருந்தன. மரணச் சான்றிதழ் நெடுங்காலம் கழித்தே கிடைத்தது. அதில் ‘கடலில் காணாமற்போனமை’ என்று மட்டுமே இருக்கிறது. ஊர் தனக்கென்று வேறொரு காரணம் வைத்திருந்தது. துஷாந்தினியின் தாய் தங்கமுத்து, அன்று மாலையே கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை, கரையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஆள் திரும்பி வந்தால் இன்னது செய்வேன் என்று அம்மனிடம் ஒப்புக்கொடுத்திருந்தால் ஆள் வந்திருப்பான் என்பது ஊரின் கணிப்பு. தங்கமுத்து இறக்கும்வரை அந்தப் பேச்சு அவளைவிட்டு நீங்கவில்லை. மகள் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள்.

போரும் இடப்பெயர்வும் துஷாந்தினியின் படிப்பைப் பாதியில் நிறுத்தின. ஆனால் அவளுக்கு வாசிக்கத் தெரியும். முகாமில் கிடைத்த கிழிந்த பத்திரிகைத் தாள்களைக்கூட அவள் வரி தவறாமல் வாசித்தாள். ஆகையால், தன் மகள் மூன்றாம் வகுப்பு முடிவிலும் ஒரு பந்தியைக் கடக்க முடியாமல் திணறியபோது, அது அவளுக்கு விளங்கவில்லை. பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையில் தமிழுக்கு எதிரே ‘மேலும் முயற்சி தேவை’ என்று இருந்தது. கம்சிகா மந்தமான பிள்ளை அல்லள். வலையில் பட்ட மீன்களை இனம் பிரிப்பாள்; தகப்பன் சொன்ன கதையைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். எழுத்தைக் கண்டால் மட்டும் அவள் முகம் இறுகிவிடும். ‘கொ’வும் ‘கோ’வும், ‘ன’வும் ‘ண’வும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. வகுப்பில் அவள் எழுந்து நின்று வாசிக்கும்போது பின்வரிசை வாங்கில் சிரிப்புக் கேட்கும்.

துஷாந்தினி, அந்தப் பகுதித் தாய்மார் எல்லோரும் செய்வதை முன்பே செய்திருந்தாள். இரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே மகளைப் பஞ்சலிங்கம் மாஸ்டரின் ரியூசன் வகுப்பில் சேர்த்திருந்தாள். இரண்டு வருடம் கம்சிகா அங்கே போனாள். மாஸ்டர் காதை முறுக்குவதில் பேர் பெற்றவர்.

நான்காம் வகுப்பில் சீலா ரீச்சர் வந்தார். நெல்லியடிக்கு அருகே பரம்பரையாக மெதடிஸ்த சபையைச் சேர்ந்த குடும்பம். மிஷன் பாடசாலைகளில் கற்பித்தவர்களின் வழியில் வந்தவர். வாசிக்கத் திணறும் பிள்ளைகளைத் தனியே இருத்திக் கற்பிக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டிருந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் உருவாக்கிய கணினி விளையாட்டு ஒன்றை அவர் தன் பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்கியிருந்தார். அதற்குப் பெயர் ‘எழுத்துக் கடல்’. ஒரு குரல் ஓர் ஒலியைச் சொல்லும். திரையில் எழுத்துகளைச் சுமந்த மீன்கள் நீந்தி வரும். அந்த ஒலிக்குரிய மீனைப் பிள்ளை விரலால் இழுத்து, வலை விரித்த படகில் போட வேண்டும். படகில் சேர்ந்த மீன்கள் ஒரு சொல்லாகும். கம்சிகாவின் வீட்டில், சுவிஸிலிருந்து பிரகாஸின் தமக்கை அனுப்பிய பழைய ‘ரப்’ ஒன்று இருந்தது. சீலா ரீச்சர் அந்தத் தொடுதிரைக் கருவியை வாங்கி, விளையாட்டை அதில் ஏற்றிக் கொடுத்தார்.

முதல் நாள் பிரகாஸ் மகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“உது என்ன வலையடி? கண் இவ்வளவு பெரிசெண்டால் சுறாவும் பூந்து போகும்.”

“இது எழுத்து மீன் அப்பா. பூந்து போகாது.”

“எழுத்து மீனோ? கிலோ என்ன விலை?”

“விக்கேலாது. மூண்டு நாலு சேந்தால் ஒரு சொல்லு.”

“அப்ப உன்ரை படகு சொல்லோடை கரைக்கு வருது. என்ரை படகு பாசியோடை வருது.”

அதன்பின் மாலைகளில் அந்த வீட்டிலிருந்து ஒரு கூவல் கேட்கத் தொடங்கியது. “அம்மா, பட்டிட்டுது!” சரியான மீன் படகில் விழும்போதெல்லாம் கம்சிகா அப்படிக் கூவுவாள். துஷாந்தினி அடுப்படியில் இருந்தபடியே, “பெரிய மீனோ?” என்று கேட்பாள். அயல்வீட்டுப் பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

சில மாதங்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. நெல்லியடிச் சந்தைக்குத் தாயோடு போன ஒரு நாள், கம்சிகா ஒரு மதிலுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“அம்மா, கந்தவனத்தார் செத்துப்போனாராம்.”

“ஆரடி சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. ஒட்டியிருக்கு.”

மதிலில் ஒரு கண்ணீர் அஞ்சலி. கம்சிகா விரலை வைத்து, பிறந்த இடம், வாழ்ந்த இடம், மருமக்களின் பெயர்கள், ஈமக்கிரியை நடைபெறும் மயானம் என எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். துஷாந்தினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. செத்தவரின் படத்துக்கு முன்னால் நின்று சிரிப்பது அழகல்ல என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மதிலடியில் தேசிக்காய் விற்றுக்கொண்டிருந்தவர், “பிள்ளை நல்ல சேதியாய்ப் பாத்துத்தான் வாசிக்கத் துவங்கியிருக்கு” என்றார்.

அன்று மாலையே துஷாந்தினி நன்றி சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஞ்சலிங்கம் மாஸ்டரின் வீட்டுக்குப் போனாள். மாஸ்டர் மறுக்கவில்லை. “காதை முறுக்கினால் எழுத்து ஏறும் எண்டு நான் அப்பவே சொன்னனான்தானே” என்றார். விளையாட்டு அவளுடைய நினைவுக்கே வரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் சீலா ரீச்சர் அதைப் பற்றி எடுத்துச் சொல்லியிருந்தார். துஷாந்தினி அதை ஒரு ரீச்சரின் பெருந்தன்மையாக மட்டும் எடுத்துக்கொண்டாள். படிப்பு என்றால் கொப்பி, தடி, ரியூசன். விளையாட்டு என்றால் படிப்பு முடிந்தபின் பிள்ளைக்குக் கிடைக்கும் சந்தோசம். இந்தப் பாகுபாட்டில் அவளுக்கு ஒரு நாளும் ஐயம் இருந்ததில்லை. பின்னர் நடந்தவை எல்லாம் இந்தப் பாகுபாட்டிலிருந்து வந்தவை.

அவ்வாண்டு கார்த்திகையில், வாடைக்காற்று முற்றாக எழுவதற்கு முன், பிரகாஸ் கூட்டாளி ஒருவனோடு கடலுக்குப் போனான். மறுநாள் காலை படகு வரவில்லை. கரையிலிருந்து தேடிப்போன படகுகளும் வெறுங்கையோடு திரும்பின. அதற்கு அடுத்த நாள் பின்னேரம் காற்று மாறி, கடல் கறுத்துக் கிடந்தது. துஷாந்தினி கரையில் நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவளுடைய கையைப் பிடித்து உலுக்கினாள்.

“கொம்மாவைப்போலை நிண்டு அழாதை பிள்ளை. போய் நேத்தி வை.”

கடற்கரை அம்மன் கோயில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. போகும் வழியெல்லாம் எதைக் கொடுப்பது என்று அவள் யோசித்தாள். காவடி ஆண்கள் எடுப்பது. கற்பூரச்சட்டி எல்லோரும் எடுப்பது. தனக்கு வலிக்காத ஒன்றைக் கொடுத்தால் அம்மன் ஏற்கமாட்டாள் என்று அவள் நம்பினாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் உயிரான பொருள் எது என்று தன்னையே கேட்டாள். மாலையில் கேட்கும் அந்தக் கூவல் நினைவுக்கு வந்தது.

“அம்மாளாச்சி, அந்த மனிசன் உயிரோடை வரட்டும். என்ரை பிள்ளை இனி அந்த விளையாட்டைத் தொடாது.”

இவ்வளவுதான் அவள் சொன்னது. மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து வைத்தாள். நேர்த்தி வைப்பவர்கள் வழக்கமாக ஓர் எல்லை சொல்வார்கள்: இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு, மூன்று வெள்ளிக்கிழமைக்கு, பிள்ளை பிறக்கும்வரை. அவள் எதையும் சொல்லவில்லை. எல்லை சொன்னால் கேட்பது குறைந்துவிடும் என்று அந்த நேரம் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மதியம், முல்லைத்தீவுப் பக்கம் போய்வந்த படகொன்று பிரகாஸின் படகை இழுத்துக்கொண்டு வந்தது. இயந்திரம் பழுதாகி, நீரோட்டத்தில் அள்ளுண்டு போயிருந்தார்கள். பிரகாஸின் உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. ஆனால் ஆள் உயிரோடு வந்தான்.

அன்று மாலை துஷாந்தினி ரப்பையும் ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மகளை அருகில் இருத்தி நடந்ததைச் சொன்னாள். கம்சிகா அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

“நான் விளையாடாமல் விட்டதாலையோ அப்பா வந்தவர்?”

“ஓம்.”

பிள்ளையின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. தகப்பனின் உயிரைத் தான் மீட்டதாக அவள் நினைத்தாள். தாயும், மகள் அப்படி நினைக்கட்டும் என்றே அந்த ‘ஓம்’ சொன்னாள். பின்னாளில் அவள் எவ்வளவு முயன்றும் திரும்பப் பெற முடியாமற்போனது அந்தச் சொல்தான்.

ஐந்தாம் வகுப்பின் முதலாம் தவணையில் கம்சிகாவின் வாசிப்பு மெதுவாகக் குறைந்தது. முதலில் வேகம் போனது. பிறகு சொற்களின் நடுப்பகுதியை விட்டுவிட்டு முதலெழுத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கினாள். சீலா ரீச்சர் தன் பிள்ளைகளை மாதந்தோறும் வாசிக்கவைத்துக் குறித்து வருபவர். அந்தக் குறிப்புகள் மூன்று மாதமாகக் கீழ்நோக்கிச் சென்றதும், ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்தார். துஷாந்தினி பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

“என்ன ரீச்சர், பிள்ளை குழப்படியோ?”

“குழப்படி செய்தால் சந்தோசப்படுவன். கம்சிகாவின்ரை ரப் பழுதோ?”

“இல்லை ரீச்சர். நிப்பாட்டியாச்சு.”

“சோதினைக்கெண்டோ? இது சோதினைக்கு நிப்பாட்டுற சாமான் இல்லை, துஷாந்தினி.”

“நேத்தி ரீச்சர்.”

சீலா ரீச்சர் கதிரையை அவளுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு நடந்ததை முழுமையாகக் கேட்டார். கேட்டபின் மெதுவாக விளக்கினார்.

“வகுப்பிலை முப்பது பிள்ளையள். ஒரு எழுத்தை நான் ஒரு பிள்ளைக்கு மூண்டுதரம் சொல்லலாம். நாலாந்தரம் என்ரை குரல் மாறிப்போடும். பிள்ளைக்கு அது உடனை விளங்கும், ரீச்சருக்கு அலுத்துப்போச்செண்டு. அந்த விளையாட்டு நூறுதரம் எண்டாலும் ஒரே குரலிலை சொல்லும். அவள் எங்கை பிழை விடுறாளோ, அந்த எழுத்தைத்தான் திருப்பித் திருப்பி அனுப்பும். பிழைச்சால் சிரிக்க ஆளில்லை. மீன் திரும்ப வரும், அவ்வளவுதான். ‘கொ’வும் ‘கோ’வும் வேறை வேறை எண்டு அவளின்ரை காதும் கண்ணும் சேந்து பிடிச்சது அதிலைதான்.”

“அப்ப வாசிக்கப் பழக்கினது மாஸ்டர் இல்லையோ?”

“மாஸ்டரிட்டை ரெண்டு வரியம் போனவள். அந்த ரெண்டு வரியமும் என்ன வாசிச்சவள்?”

அம்மனுக்குத் தான் கொடுத்தது மகளின் சந்தோசத்தை அல்ல, படிப்பை என்பது துஷாந்தினிக்கு அப்போதுதான் விளங்கியது.

“அப்ப நான் என்ன செய்ய ரீச்சர்? நீங்கள் சொல்லுங்கோ, செய்யிறன். முறிக்கட்டோ?”

“அதை நான் சொல்லேலாது.”

“ஏன்?”

“நான் வேதக்காரி. அம்மன் நேத்தியை முறியெண்டு நான் சொன்னதாய் வெளியிலை வந்தால் ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் கிடக்கட்டும் ரீச்சர்.”

“கிடக்காது. மதம் மாத்த வந்தவள் எண்டு சொல்லித் தாய்மார் பிள்ளையளை என்ரை வகுப்பிலையிருந்து எடுத்துப்போடுவினம். கம்சிகா மாதிரி இன்னும் பிள்ளையள் அங்கை இருக்கினம்.”

அவர் சொன்னது பயத்தில் பிறந்த கற்பனை அன்று. அதற்கு முந்திய ஆண்டு, ஜெபக்கூட்டம் ஒன்றைப் பற்றி அந்த ஊரில் பெரிய சண்டை நடந்திருந்தது. அவர் எழுந்து ஸ்கூட்டர் வரைக்கும் போய், திரும்பி வந்து, “மட்டையிலை வெட்டித் தாறன். அதாலை எண்டாலும் பாப்பம்” என்றார்.

சொன்னபடியே தடித்த காகித மட்டையில் மீன் உருவங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் எழுத்து எழுதி, பாடசாலையில் கம்சிகாவுக்குக் கொடுத்தார். சில நாள் கம்சிகா அவற்றை எடுத்து அடுக்கினாள். ஒரு நாள் தலை நிமிர்ந்து கேட்டாள்.

“ரீச்சர், இது விளையாட்டோ?”

பொய் சொல்லிப் பழகாத சீலா ரீச்சர், “விளையாட்டு மாதிரித்தான்” என்றார்.

கம்சிகா மட்டை மீன்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பின் அவற்றைத் தொடவில்லை.

துஷாந்தினியின் முன்னால் இப்போது இரண்டு இழப்புகள் இருந்தன. ஐந்தாம் வகுப்போடு அந்தப் பாடசாலை முடிகிறது. அதன்பின் சீலா ரீச்சர் இல்லை. வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையை அங்கே யாரும் எழுத்திலிருந்து தொடங்கிக் கற்பிக்கப் போவதில்லை. நேர்த்தியை முறித்தாலோ, கணவன் நாளும் போவது கடலுக்கு. ஒவ்வொரு நாள் காலையும் அவள் கரையில் நின்று படகின் முனையைக் கண்டபின்பே மூச்சு விட்டாள். தாயைப் பற்றி ஊர் சொன்னதைத் தன்னைப் பற்றியும் சொல்லும் நாளை அவள் கற்பனை செய்து பார்த்தாள்.

வைகாசியில் அவள் கோயில் பூசாரி முத்துக்குமாருவிடம் போனாள். அவரும் முன்னர் கடலுக்குப் போனவர்.

“எவ்வளவு காலத்துக்கெண்டு வைச்சனீ?”

“காலம் சொல்லேல்லை, பூசாரி அண்ணை.”

“எடி பிள்ளை, வலை விடுறவன்கூட எங்கை இழுக்கிறதெண்டு பாத்துத்தான் விடுவான். நீ கரையே இல்லாமல் விட்டிருக்கிறாய்.”

“பயத்திலை சொன்னது அண்ணை.”

“பயமில்லாமல் ஆர் உங்கை நேத்தி வைக்கினம்?” அவர் திருநீற்றுத் தட்டைத் துடைத்தபடி யோசித்தார். “மாத்து நேத்தி வை. திருவிழாவுக்கு அடியழி. பிள்ளையின்ரை சாமானைக் கொண்டுவந்து அம்மாளுக்கு முன்னாலை வைச்சு எடுத்துக்கொண்டு போ. அம்மாளும் பெத்தவதானே. விளங்கும்.”

ஆடித் திருவிழாவில் துஷாந்தினி அடியழித்தாள். கோயில் வீதியைச் சுற்றி, அடிக்கு ஓர் அடியாகச் சுடுமணலில் விழுந்து எழுந்தாள். முழங்கால் தோல் உரிந்தது. இறுதியில் ரப்பை அம்மன் சந்நிதியில் வைத்து, திருநீறு தூவி வாங்கி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியை அவிழ்த்து மகளிடம் நீட்டினாள்.

“இந்தா. அம்மாளாச்சி திருப்பித் தந்திட்டா. இனி விளையாடலாம்.”

கம்சிகா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“அப்பா எங்கை?”

“கடலுக்கு.”

“அப்ப வேண்டாம்.”

“நான் நேத்தியை மாத்திப்போட்டன் பிள்ளை. பூசாரி அண்ணைதான் சொன்னவர்.”

“பூசாரி மாமா சொன்னவர் சரி. அம்மாளாச்சி ஓம் எண்டவவோ?”

துஷாந்தினி சேலையைச் சற்று உயர்த்தி முழங்காலைக் காட்டினாள். “இதைப் பார். நான் சும்மாவோ விழுந்து எழும்பினனான்?”

கம்சிகா முழங்காலைப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கியது. ஆனாலும் கை முன்னே வரவில்லை.

“அது நீங்கள் செய்த நேத்தி. இது என்ரை.”

வெயிலும் வலியும் பல மாதப் பயமும் ஒன்றாகச் சேர்ந்து, துஷாந்தினி அப்போது ஒரு காரியம் செய்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்து, விரலைத் திரையில் வைத்து அழுத்தினாள். ரப்பில் கடல் ஓசை கேட்டது. கம்சிகா வீறிட்டுக் கையை உதறிக்கொண்டு வெளியே ஓடினாள். கரையில் முழங்காலளவு தண்ணீரில் போய் நின்றாள். கூப்பிட்டும் வரவில்லை. அன்று பகலில் தொழிலுக்குப் போன படகு பொழுதுபடுமுன் கரைக்கு வந்தது. பிரகாஸ் இறங்கியதும் அவள் தகப்பனின் கையைத் தடவிப் பார்த்தாள். முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஈர உடுப்போடு அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

“என்னடி, பேயைக் கண்டனீயோ?” என்றான் பிரகாஸ்.

நேர்த்தி ஏதோ வைத்தாள் என்பது அவனுக்குத் தெரியும். என்ன நேர்த்தி என்று அவன் கேட்டதில்லை. அது பெண்களின் காரியம் என்று விட்டிருந்தான். அன்றுதான் மனைவி முழுவதையும் சொன்னாள். அவன் வலையை மடித்தபடி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இதை அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே. உயிர் என்ரை. கதைச்சது நீயும் அம்மாளாச்சியும்.”

ஒரு வழியை அவன்தான் கண்டுபிடித்தான். ஆனால் அதற்கு மீண்டும் கார்த்திகை வரவேண்டியிருந்தது. வாடை எழுந்து, படகுகள் எல்லாம் கரையில் ஏற்றப்பட்டதும், அவன் மகளைக் கூப்பிட்டான்.

“இஞ்சை வா. நான் கடலுக்குப் போகாமல் கரையிலை இருந்தால், அம்மாளாச்சி என்னை என்ன செய்யிறது?”

கம்சிகா இதை ஆழ்ந்து யோசித்தாள்.

“படகும் கரையிலை நிக்கோணும்.”

“நிக்குது.”

“கயிறு கட்டியிருக்கோணும்.”

“கட்டியிருக்கு. வேணுமெண்டால் போய்ப் பார்.”

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருக்கோணும். எழும்பக் கூடாது.”

“ஒண்டுக்குப் போகலாமோ?”

ஓராண்டுக்குப் பின் அந்த வீட்டில் பிள்ளை சிரித்தது அப்போதுதான். ரப்பைத் திறந்தாள். விளையாட்டு அவளைச் சோதித்துப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து அல்ல, வெகு கீழே இருந்து தொடங்கியது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு கையால் தகப்பன் உடுத்திருந்த சாரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மீன் பிடித்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. “அம்மா, பட்டிட்டுது” என்று கூவவில்லை, மெதுவாகச் சொன்னாள். துஷாந்தினி, “பெரிய மீனோ?” என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் அடுப்பை ஊதினாள்.

அந்த வாடைக்காலத்தின் முடிவில் சீலா ரீச்சர் கடைசித் தடவையாக அவளை வாசிக்கவைத்தார். முந்திய ஆண்டு கண்ணீர் அஞ்சலி வாசித்த நிலைக்கு அவள் வந்திருக்கவில்லை. ஆனால் ஊகிப்பதை விட்டு, எழுத்தைப் பார்த்து வாசித்தாள். இன்னும் சில மாதம் தொடர்ந்து விளையாடினால் போதும் என்று சீலா ரீச்சர் தாயிடம் சொன்னார். சில மாதம் இருக்கவில்லை. தை பிறந்தது. காற்று தணிந்தது. படகுகளைத் தண்ணீரில் இறக்கிய காலை, கம்சிகா எவரும் சொல்லாமலே ரப்பை மஞ்சள் துணியில் சுற்றி, கதிரையில் ஏறி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

இப்போது அவள் ஆறாம் வகுப்பில், வேறொரு பாடசாலையில் படிக்கிறாள். இருப்பது கடைசி வாங்கில். புதிய தேர்ச்சி அறிக்கையிலும் தமிழுக்கு எதிரே அதே மூன்று சொற்கள் இருக்கின்றன. பிரகாஸ் கரையில் நிற்கும் நாட்களில் மட்டும் அவள் விளையாடுகிறாள். அந்த நாட்களில் மட்டும் முன்னேறுகிறாள். இடையில் வரும் வாரங்களில் அதில் பாதியை இழக்கிறாள். பிரகாஸ் கடலை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். உயரத்தில் நின்றால் தலை சுற்றி, மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டான்.

துஷாந்தினியிடம் ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. விடியற்புறம் வானொலியில் கடற்பரப்புக்கான வானிலை அறிவித்தலைக் கேட்கிறாள். அதை அவள் சிறுவயதிலிருந்தே கேட்பவள்தான். தகப்பன் போன நாளிலிருந்து, கடல் கொந்தளிக்கும் என்ற சொல்லைக் கேட்டதும் வாசலுக்குப் போய்க் கடலைப் பார்ப்பாள். இப்போது அந்த அறிவித்தலில் கொந்தளிப்பு வராதா என்று காத்திருக்கிறாள். காற்று பலமாக வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று குரல் சொன்னால் அவளுக்கு நெஞ்சு இளகுகிறது. உடனேயே, வெளியில் கிடக்கும் வேறு படகுகளின் நினைவு வந்து பதைக்கிறது. அந்த நாட்களில் உலையில் அரிசியும் குறைவு. மாலையில் அம்மன் கோயிலுக்குப் போகிறாள். கற்பூரம் கொளுத்துகிறாள். கை கூப்புகிறாள். எதைக் கேட்பது என்று தெரியாமல், ஒன்றும் கேட்காமல் திரும்பிவருகிறாள். எதையும் ஒப்புக்கொடுப்பதும் இல்லை.

அண்மையில் அப்படியொரு அறிவித்தல் வந்த நாள், கம்சிகா பாடசாலை விட்டு வந்தாள். வீட்டுக்குள் வருமுன் கரைப் பக்கம் போய், படகு ஏற்றப்பட்டிருக்கிறதா, கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு வாசலில் நின்று, புத்தகப் பையைக் கழற்றாமலே கேட்டாள்.

“அம்மா, நாளைக்கும் காத்தோ?”

துஷாந்தினி கருவாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மேகம் கலைந்து வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கடல் பக்கம் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“இல்லைப் பிள்ளை. நாளைக்கு அப்பா தொழிலுக்குப் போவார். கெதியாய் ரப்பை எடு.”